ஆனைக்கற்றாழைக்குச் சட்டி மாற்றும் முன்

இடவப்பாதி மழை இறங்கியதும் குலசேகரம் பக்கத்து வீடுகளில் எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கிவிடுகிறார்கள். வாழைக்கன்று, நல்லமிளகுக் கொடி, ரப்பர் கன்று எல்லாம் அப்போது நட்டால்தான் பிடிக்கும், சரி. அந்தச் சூட்டோடு முற்றத்துச் சட்டியில் நிற்கும் ஆனைக்கற்றாழையையும் பிடுங்கி வேறு சட்டிக்கு மாற்றுகிறார்கள். ஆவணி பிறப்பதற்குள் நடுக்குருத்து கையோடு வந்துவிடுகிறது; அடியில் அழுகல் நாற்றம். இன்னொரு பக்கம், இலையை வெட்டிய கையில் தடிப்பும் கொப்புளமுமாக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள், கண்ணில் முள் பட்டபிறகு மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்பவர்கள். இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சொல்லியும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

முதலில் செடி எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஆனைக்கற்றாழை மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த அகேவ். சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் சட்டென்று முறிந்து உள்ளே வழுவழுப்பான சோறு தெரியும். அகேவ் மடல் அப்படி முறியாது, உள்ளே நார் நாராக ஓடும். நுனியில் கருத்த, ஊசி போன்ற முள் இருக்கும். முள்ளே இல்லாத அகேவ் வகைகளும் நர்சரிகளில் விற்பதால், முள்ளை மட்டும் நம்பாமல் நாரைப் பாருங்கள். அகேவ் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நுண்ணூசிகளாக மிதக்கின்றன. மெக்சிகோவில் டெக்கீலா சாராயத் தொழிலாளர்களிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், 0.03 மில்லி சாற்றுத் துளியில் 100 முதல் 150 ஊசிகள் எண்ணப்பட்டன. வடிசாலையில் இச்செடியைக் கையாள்கிறவர்களில் ஆறில் ஐந்து பேருக்குத் தோல் அழற்சி. இதைத்தான் கற்றாழைதானே என்று சிலர் முகத்தில் பூசுகிறார்கள், தீப்புண்ணில் தடவுகிறார்கள். செய்யாதீர்கள். அகேவ் சாற்றைப் பூசவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

சட்டி மாற்றத் தை, மாசி மாதங்கள்தான் நமக்குச் சரி. துலா மழை ஓய்ந்து, வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். மலையடிவாரமான நம் பக்கத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. வறண்ட நிலத்துச் செடிக்குக் கிடைக்கும் உலர்ந்த இடைவெளி இது ஒன்றுதான். வேர் அறுபட்ட காயம் ஆறுமுன் ஈரம் பட்டால் பூஞ்சை ஏறிவிடும். ஆனியில் சட்டி உடைந்துவிட்டால்? உடனே நடாதீர்கள். மண்ணை உதறி, வேரோடு மழை படாத திண்ணையில் வையுங்கள். வாரக்கணக்கில் அப்படியே தாங்கும்.

அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்ப்பது, ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்பது, பக்கக் கன்றுகள் நெருக்கிச் சட்டி விரிசல் விடுவது, இவைதான் மாற்றும் நேரம் வந்ததற்கு அடையாளம். வளரும் செடிக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். அடிமடல் ஒன்றிரண்டு காய்வது இயல்பு. அதைக் கண்டு பதறிச் சட்டி மாற்ற வேண்டாம். நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பிவிட்டால் தாய்ச்செடியை விட்டுவிடுங்கள். பெரும்பாலான வகைகள் ஒருமுறை பூத்ததும் மடியும். பக்கக் கன்றுகளைக் காப்பாற்றினால் போதும்.

வேலைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். செடியைத் தொடுமுன் கண்ணை மூடுங்கள், அதாவது கண்ணாடித் தடுப்புள்ள ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளுங்கள். வண்டிக்கு மட்டும்தான் ஹெல்மெட் என்று எழுதி வைக்கவில்லை. குனிந்து சட்டியைத் தூக்கும்போது நுனிமுள் நேராகக் கண் உயரத்துக்குத்தான் வருகிறது. முழுக்கைச் சட்டை, வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் தோல் கையுறை. துணிக் கையுறையில் முள்ளும் ஏறும், சாறும் ஊறும். ஒவ்வொரு நுனியிலும் நகவெட்டியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முள்ளை மட்டும் நறுக்குங்கள், பச்சைச் சதையைத் தொடாமல். பிறகு சாக்கைச் சுற்றி, மடல்களை மேல்நோக்கி அணைத்துக் கயிற்றால் கட்டுங்கள். பெரிய செடியென்றால் இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகளை முற்றத்திலிருந்து அனுப்பிவிடுங்கள்.

சட்டியைச் சாய்த்து, பழைய கத்தியை விளிம்பை ஒட்டி ஓட்டினால் செடி கழன்று வரும். கருத்த, கொழகொழத்த வேரை வெட்டி எறியுங்கள். இரண்டு மூன்று நாள் நிழலில் காயட்டும். பிரித்தெடுத்த கன்றுக்கு ஒரு வாரம் வேண்டும். புதுச்சட்டி பழையதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். மண்சட்டியே நல்லது, அடியில் துளை கட்டாயம். துளையை வலைத்துண்டால் மறைத்தால் போதும். ஓட்டுத்துண்டும் கல்லும் அடுக்கினால் தண்ணீர் வடியும் என்பது தவறான நம்பிக்கை. கல்லடுக்குக்கு மேலுள்ள மண்ணில்தான் ஈரம் தேங்கி நிற்கும். செம்மண் ஒரு பங்கு, கழுவிய பருமட்டான எம்.சாண்ட் ஒரு பங்கு, பொடித்த வெட்டுக்கல்லோ செங்கலோ ஒரு பங்கு. தேங்காய்நார்க் கழிவும் சாணியும் வேண்டாம். கடற்கரை மணலில் உப்பு. கோதையாற்றில் சாக்கோடு இறங்காதீர்கள்; அனுமதியில்லாமல் ஆற்று மணல் எடுப்பது குற்றம். பழைய ஆழத்திலேயே நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அடியில் தட்டு வைக்காதீர்கள், தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். அழுகல் நிற்கவில்லையென்றால் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. செடியோடு போய்க் கேளுங்கள்.

இனி காயம். சாறு தோலில் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடுப்பை மாற்றுங்கள். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஓடவிட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். முள் கண்ணில் குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், கசக்காதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள். டீக்கடைக் காகிதக் கப்பைக் கண்ணை அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டி, கண் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே. அரசு ஆஸ்பத்திரி என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி. வண்டியில்லையென்றால் 108. காலையில் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள், வலி குறைந்திருந்தாலும் போகாதீர்கள். கையிலோ காலிலோ முள் ஆழமாக ஏறி, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். யாராவது சாற்றைக் குடித்துவிட்டால் டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

அகேவை மருத்துவக் கற்றாழை என்று சொல்லி விற்றாலோ, பார்சலில் அழுகிய செடி வந்தாலோ புலம்பிவிட்டுப் போகாதீர்கள். ஆனியில் நீங்களே பிடுங்கி நட்டு அழுகினால் யாரும் பொறுப்பல்ல. வந்த அன்றே அழுகியிருந்தால் அது விற்றவர் பொறுப்பு. வேண்டியது பில். துண்டுச்சீட்டு அல்ல, செடியின் பெயரும் தேதியும் எழுதிய பில். பார்சல் பிரிப்பதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். இணையவழி விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020 மின்வணிக விதிகள். தீரவில்லையென்றால் 1915 உதவி எண். அதற்கும் மேல் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. பில் இல்லாமல் போனால் வழக்குக்கு வலுவிருக்காது. அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், பில் வாங்குங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் வழியில் முள் நீட்டிக்கொண்டு நிற்கும் சட்டிகளுக்கும் வழியுண்டு. முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் போட்டோவோடு பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு மனு; நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள். "வச்சிட்டுப் போங்க, பாக்கிறோம்" என்ற மனுக்கள் எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியும். அசையாவிட்டால் பத்மநாபபுரம் சார் ஆட்சியருக்கு, பொதுத்தொல்லையை அகற்றும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 152-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். யாருக்காவது ஏற்கனவே காயம் பட்டிருந்தால் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டின் நகலைச் சேருங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

வெட்டிய மடலையும் முள்ளையும் பாலித்தீன் பையில் திணித்துக் குப்பை வண்டியில் போடாதீர்கள். அந்தப் பையைக் கையால் பிரிக்கிறவர் தூய்மைப் பணியாளர். நுனியை நறுக்கி, பழைய செய்தித்தாளில் தடிமனாகச் சுற்றி, மேலே முள் என்று எழுதி, தனியாகக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.