புதருக்குள் ஒரு பெருங்குரல்

திருவிழா நடக்கும் ஊரை நோக்கி இரவில் நடந்திருக்கிறீர்களா? தொலைவில் முதலில் கேட்பது தவிலின் முழக்கம். ஜால்ராவின் ஒலியோ அருகில் சென்ற பிறகே காதில் விழும். இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தது போல் பாடும் பறவைக் கூட்டம் ஒன்று உண்டு.

மெக்சிகோவிலிருந்து பொலிவியா வரையுள்ள காடுகளில் வாழும் 'காட்டு ரென்'களே அவை. இவற்றில் ஐந்து இனங்கள் உள்ளன, பெரும்பாலானவை மலைக்காட்டுவாசிகள். நீளம் சுமார் 11 செ.மீ.; எடை 20 கிராமுக்கும் குறைவு. தரையை ஒட்டிய அடர்ந்த புதர்களில் பூச்சிகளைத் தேடித் திரியும் இவற்றைக் காண்பது அரிது, கேட்பது எளிது. அத்தனை சிறிய உடலிலிருந்து அத்தனை பெரிய குரல்!

ஆனால் புதருக்குள் பாடுவது எளிதன்று. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். இதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ.; 6,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய 6 செ.மீ. மட்டுமே. இது ஓர் இலையின் அளவு அல்லவா? அலைநீளமும் தடையின் அளவும் நெருங்கும்போது ஒலி வெகுவாகச் சிதறுகிறது. நீண்ட அலைகளோ இலைகளை வளைந்து கடந்து செல்கின்றன.

அப்படியானால் தாழ்ந்த சுருதியில் பாடலாமே என்பீர்கள். சிற்றுடலால் மிகத் தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்ப இயலாது. மேலும், மலையோடைகளின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளையே பெரிதும் மறைத்துவிடும். எனவே இடைப்பட்ட ஓர் இடைவெளியில்தான் பாட்டு நன்கு எட்டும்.

இந்த இடைவெளி எல்லாக் காட்டிலும் ஒன்றன்று. ஈக்வடார் மலைகளில் வெவ்வேறு உயரங்களில் வாழும் சாம்பல்மார்புக் காட்டு ரென்களின் இரு துணையினங்களை ஆராய்ந்து, 2008-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவற்றின் பாட்டுகள் அதிர்வெண்ணில் வேறுபட்டன; அந்த வேறுபாடு அவரவர் காட்டின் ஒலிச்சூழலோடு பொருந்தியிருந்தது. பாட்டு வேறானால் துணையை அறிவதும் வேறாகலாம். காலப்போக்கில் இனமே பிரியவும் கூடும்.

கொலம்பியாவின் மேற்கு ஆண்டீஸில், மேகம் தவழும் முன்சிக்கே பகுதியில் வாழும் ஒரு காட்டு ரென் 2003-இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. உருவில் அது சாம்பல்மார்பு ரெனை மிகவும் ஒத்தது. பாட்டோ தெளிவாக வேறு. சுமார் 2,200 மீட்டருக்கு மேலுள்ள குறுகிய காட்டுப் பட்டையே அதன் உலகம். அக்காடு அழிந்தால், அந்தப் பாட்டுக்குப் போக வேறிடம் இல்லை.

நாளை விடியற்காலையில் சற்றுக் கண்ணை மூடி அமர்ந்து, எத்தனை வகைப் பறவைகளைக் காதாலேயே பிரித்தறிய முடிகிறதென்று எண்ணிப் பாருங்கள். ஆராய்ச்சி அங்கிருந்தும் தொடங்கலாம்.