நலம் பேணுதலும் கணக்குப் பார்த்தலும்

நல்ல சமாரியன் கதையை நாம் அனைவரும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுடைய காயங்களை அவன் கட்டியதும், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்ததும் நம் நெஞ்சில் நிலைத்திருக்கின்றன. ஆனால் அக்கதையின் ஈற்றில் வரும் ஒரு சிறு செய்தியைப் பலர் கருதுவதில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்த சமாரியன், அதற்கு மேற்படும் செலவைத் தான் திரும்பி வரும்போது தருவதாகவுஞ் சொல்லிச் சென்றான். திரும்பி வந்த காலை அவன் இரண்டு கேள்விகளைக் கேட்டிருப்பான் என்று நாம் ஊகிக்கலாம். நோயாளி நலமடைந்தானா? செலவு எவ்வளவு? இவ்விரு கேள்விகளையும் ஒரு பிரதேசத்து மக்கள் அனைவரையுங் குறித்துக் கேட்பதாயின், விடை காண்பது எங்ஙனம்? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடெங்கும் வைத்திய உதவி பெரும்பாலும் துண்டு துண்டாகவே நடைபெறுகின்றது. குடும்ப வைத்தியர் ஒரு மருந்தை எழுதுவார். நிபுணர் அதனை அறியாமல் மற்றொன்றை எழுதுவார். ஆஸ்பத்திரியில் செய்த பரிசோதனையே வெளியில் மறுமுறையுஞ் செய்யப்படும். ஒவ்வொருவரும் தாம் செய்த வேலைக்குக் கூலி பெறுவர். நோய் வராமற் காத்தவருக்கோ பெரும்பாலும் ஊதியம் இல்லை. இக்குறையை நீக்கும்பொருட்டு ஒரு வட்டாரத்தின் வைத்தியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் பிற பணியாளர்களையும் ஒரே ஏற்பாட்டின்கீழ்க் கொணர்ந்து, அவ்வட்டார மக்களின் நலத்துக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கச் செய்தலே ஒருங்கிணைந்த சுகாதார சேவை எனப்படும்.

இதற்குச் சிறந்த உதாரணம் ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாகாணத்துக் கருங்காட்டு மலைப் பகுதியிலுள்ள கின்சிக் ஆற்றுப் பள்ளத்தாக்கு. 1883-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்க்கு நோய்க்காப்புச் சட்டம் கண்ட நாடு ஜெர்மனி. 2004-ஆம் ஆண்டு அமலுக்கு வந்த சுகாதாரச் சட்டத் திருத்தம் இத்தகைய கூட்டு முயற்சிகளுக்குத் தனியே பொருளுதவி அளித்து ஊக்கம் தந்தது. அதன் பயனாக, அப்பள்ளத்தாக்கின் வைத்தியர் சங்கமும், ஹாம்பர்க் நகரத்து ஆப்டிமேடிஸ் என்னும் நிர்வாக நிறுவனமும் சேர்ந்து ஒரு கம்பெனியை அமைத்தன. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வைத்தியர் சங்கத்தினுடையது. இக்கம்பெனி ஏ.ஓ.கே. என்னும் பெரிய நோய்க்காப்பு நிதியோடும், உழவர்க்குரிய மற்றொரு நிதியோடும் உடன்படிக்கை செய்துகொண்டு 2006 முதல் பணியாற்றத் தொடங்கிற்று. இந்நிதிகளைச் சார்ந்த 30,000-க்கு மேற்பட்ட மக்கள் அப்பகுதியில் இருந்தனர். இதய நலிவு, எலும்பு நலிவு, மனச்சோர்வு, மிகைப் பருமன் முதலியவற்றுக்குத் தனித்தனித் திட்டங்கள் வகுக்கப்பட்டன. வைத்தியரும் நோயாளியும் கூடிப் பேசி, இன்ன இலக்கை அடைவோமென்று தமக்குள் உடன்பாடு செய்துகொள்ளும் வழக்கமும் ஏற்பட்டது.

இனி, பணம் வரும் வழியைக் காண்போம். அப்பள்ளத்தாக்கின் மக்களுக்கு, அவர்தம் வயதையும் நோய்களையுங் கருதி, ஓராண்டில் இவ்வளவு செலவாகுமென்று ஓர் உத்தேசத் தொகை கணிக்கப்படும். அத்தொகை 100 என்றும், உண்மையில் ஆன செலவு 95 என்றும் கொள்வோம். மிச்சமாகிய 5-ஐ நோய்க்காப்பு நிதியும் கம்பெனியும் பகிர்ந்துகொள்ளும். ஆகவே மக்கள் நலமாயிருந்தால் கம்பெனிக்கு ஆதாயம்.

இவ்விடத்தில் வாசகர் மனத்தில் ஓர் ஐயம் எழுதல் இயற்கை. மிச்சத்தில் பங்கு உண்டென்றால், கொடுக்கவேண்டிய சிகிச்சையைக் குறைத்தும் மிச்சம் பிடிக்கலாமன்றோ? நோய் முற்றியவரை ஒதுக்கி, திடமானவரை மட்டுஞ் சேர்த்துக்கொள்ளலாமன்றோ? இரண்டாவது அபாயத்துக்கு உடன்படிக்கையிலேயே ஒரு தடை இருந்தது. கம்பெனியில் அங்கத்தினராகச் சேர்ந்தோர் மட்டுமன்றி, சேராதோருட்பட, அப்பகுதியில் அந்நிதிகளைச் சார்ந்த அனைவருடைய செலவும் கணக்கில் வந்தது. ஆதலால் நோயாளியை ஒதுக்குவதனால் இலாபம் இல்லை. மக்கள் விரும்பிய வைத்தியரிடம் செல்லும் உரிமையும் குறையவில்லை. முதலாவது அபாயத்தைத் தடுக்க வழி ஒன்றே. செலவைக் கணக்கிடும்போதே தரத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

செலவை அளப்பது எளிதென்று தோன்றும். உண்மையில் அஃது எளிதன்று. மிச்சம் என்பது நடவாத ஒன்றோடு நடந்ததை ஒப்பிடுவதாகும். உத்தேசத் தொகை பிழைபட்டால் மிச்சமும் பிழைபடும். மேலும் 2009 முதல் ஜெர்மனியில் அத்தொகை மக்களின் நோய்க் குறிப்புக்களையுஞ் சார்ந்து நிற்கலாயிற்று. வைத்தியர் நோய்களை முன்னிலும் நுணுக்கமாய் எழுதிவைத்தாலே உத்தேசம் உயர்ந்துவிடும். ஒரு காசும் குறையாமலே மிச்சம் தோன்றும். கின்சிக் பள்ளத்தாக்கில் உண்மைச் செலவு உத்தேசத்துக்குக் குறைவாகவே நின்றதென்று உடன்படிக்கைக் கணக்குகள் பல ஆண்டுகளாகக் காட்டின. அது பாராட்டத்தக்கதே, ஆயினும் மேற்கூறிய எச்சரிக்கையோடு படிக்கத்தக்கது.

தரத்தை அளப்பது இதனினும் அரிது. அங்கத்தினராய்ச் சேர்ந்தவரைச் சேராதவரோடு ஒப்பிட்டால், சேர்ந்தவரே சிறந்து விளங்கக் கூடும். ஆனால் தாமாக முன்வந்து சேர்பவர் பெரும்பாலும் இயல்பாகவே உடல்நலத்தில் கருத்துடையவர். திட்டத்தின் பயன் எது, அவர் இயல்பின் பயன் எது என்று பிரித்தறிதல் கடினம். ஆகையால் வட்டாரத்தை வட்டாரத்தோடு ஒப்பிடுவதே நேரிய முறை. 2006 முதல் 2015 வரையுள்ள பத்தாண்டுகளுக்கு அவ்வாறே ஓர் ஆராய்ச்சி செய்யப்பட்டு, அதன் முடிவு 2021-இல் வெளியாயிற்று. ஆராய்ச்சியாளர் 101 தர அளவுகோல்களைக் கொண்டு, கின்சிக் பள்ளத்தாக்கை அதே மாகாணத்தில் அதனையொத்த பிற வட்டாரங்களோடு வைத்துப் பார்த்தனர். பெரும்பாலான அளவுகோல்களில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. சிலவற்றில் அப்பள்ளத்தாக்கு முன்னேறியும், சிலவற்றில் பின்தங்கியும் இருந்தது.

இம்முடிவைத் தோல்வி என்று சொல்வாருமுளர்; வெற்றி என்று சொல்வாருமுளர். நாம் இரண்டையும் நிதானமாக எடைபோடுதல் தகும். மிச்சம் பிடித்த இடத்தில் வைத்தியத்தின் தரம் பொதுவாகக் கெடவில்லை என்பது சிறிய செய்தியன்று. மக்கள் அஞ்சிய அபாயம் நேரவில்லை. ஆனால் பிற வட்டாரங்களைவிடத் தரம் உயரும் என்ற வாக்கு மெய்ப்பிக்கப்படவுமில்லை. இதற்குச் சில காரணங்கள் இருக்கலாம். நீரிழிவு முதலிய நெடுநோய்களுக்கு ஒழுங்கான சிகிச்சைத் திட்டங்கள் அக்காலத்தில் ஜெர்மனி முழுவதும் பரவியிருந்தமையால், ஒப்பிடப்பட்ட வட்டாரங்களும் அசையாமல் நின்றுவிடவில்லை. நோயைத் தடுக்கும் முயற்சிகள் பலன் தரப் பத்தாண்டு போதாதிருக்கலாம். அன்றியும் அவ்வளவுகோல்கள் நோய்க்காப்பு நிதியின் கணக்குப் புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எந்த மருந்து வாங்கப்பட்டது, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் தங்கினர் என்பவற்றை அவை சொல்லும். முழங்கால் வலியோடு மாடியேற இயலாதிருந்த ஒரு மூதாட்டி இன்று ஏறுகிறாளா என்பதைச் சொல்லமாட்டா.

ஆதலால் இத்தகைய திட்டமொன்றை மதிப்பிடப் புகுவோர் மூன்று செய்திகளைக் கவனித்தல் வேண்டும். கணக்கில் வருவோர் வட்டாரத்து மக்கள் அனைவருமா அல்லது தேர்ந்தெடுத்த சிலரா? ஒப்பிடப்படுவது எதனோடு? கணக்கெடுப்பவர் இலாபத்தில் பங்குடையவரா அல்லது புறத்தே நிற்பவரா? இம்மூன்றற்கும் தக்க விடை கிடைத்த பின்னரே மிச்சத்தைப் பற்றிப் பேசுதல் முறையாகும்.

சமாரியனின் இரக்கமே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் பணத்தைக் கொடுத்ததோடு தன் கடமை தீர்ந்ததென்று எண்ணவில்லை. திரும்பி வருவதாகச் சொன்னான். பிறர் நலத்துக்குப் பொருள் செலவிடும் அரசினரும் நிதியினரும் அவ்வாறே திரும்பி வந்து, நோயாளியின் முகத்தையும் சத்திரத்தின் கணக்கையும் ஒருங்கே பார்ப்பாராயின், கொடுத்த பொருளும் வீணாகாது, நோயாளியும் கைவிடப்படான்.