திரையின் நிறமும் தாளின் நிறமும்

நிறம் என்பது பொருளின்கண் உள்ளதோ, அதன்மீது படும் ஒளியின்கண் உள்ளதோ, காண்போன் விழியின்கண் உள்ளதோ என்னும் வினா மிகப் பழையது. மெய்ந்நூலார்க்கு மட்டும் உரியதாயிருந்த அவ்வினா, கணினித் திரையும் வீட்டு அச்சுப்பொறியும் பெருகிய பின்னர் ஒளிப்படம் எடுப்பார் யாவர்க்கும் உரியதாயிற்று. திரையில் இளந்தளிரின் பசுமையோடு பொலிந்த படம், தாளில் இறங்கியவுடன் இருண்டு பழுப்பேறி நிற்பதைக் கண்டு, குறை அச்சுப்பொறியினதே என்று முடிவுசெய்வோர் பலர். அம்முடிவு பெரும்பாலும் பொருந்தாது. இரு கருவிகளும் தத்தம் மொழியில் உண்மையையே பேசியிருத்தல் கூடும். அவற்றிடையே மொழிபெயர்ப்பாளன் இல்லாமையே குறையாகும்.

மனிதக் கண் மூவகை ஒளியுணரிகளால் நிறம் அறிகின்றது என்னும் கருத்தை 1802ஆம் ஆண்டளவில் தோமசு யங்கு வெளியிட்டார்; பின்னர் எல்ம்கோல்ற்சு அதனை விரித்துரைத்தார். 1861ஆம் ஆண்டில் இலண்டன் அரச நிறுவகத்தில் மக்சுவெல் அதனைக் காட்சியாகவே காட்டினார். நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளினூடாகத் தோமசு சற்றன் படம் பிடித்துக் கொடுக்க, அம்மூன்று படங்களும் அதே நிற ஒளிகளால் ஒன்றன்மேலொன்றாக எறியப்பட்டு நிறப்படமாயின. இங்கு ஒரு வியப்பு உண்டு. அக்காலப் பூச்சு சிவப்பொளியை உணரும் ஆற்றலற்றது. நாடாவின் சிவந்த பகுதி திருப்பிய புறவூதாக் கதிரே சிவப்பு வடிகட்டியின் வழிப் பதிவாயிற்று என்பதை நூறாண்டு கழித்து, 1961இல், இரால்வு எவன்சு என்பார் விளக்கினார். கருவி காண்பதும் கண் காண்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, திரையும் தாளும் நிறந்தரும் முறைகள் தம்முள் எதிரானவை. திரை தானே ஒளியுமிழ்வது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றொளிகளையும் கூட்டி வெண்மையை ஆக்குவது. தாளோ தன்மீது விழும் வெள்ளொளியைத் திருப்புவது. அதன்மேற் பூசப்படும் சியான், மஜெந்தா, மஞ்சள் என்னும் மைகள் அவ்வொளியிற் பகுதிகளை விழுங்கி எஞ்சியதை மட்டும் கண்ணுக்கு விடுவன. முன்னையது கூட்டல், பின்னையது கழித்தல். கணினியோ இரண்டிற்கும் எண்களையே அனுப்புகின்றது. மூன்றொளிகளுள் ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 255 வரையான படிகள் உள்ளனவாதலின், குறிக்கத்தக்க நிறங்கள் 1 கோடியே 67 இலட்சத்திற்கும் மேலாம். எனினும் 200 என்னும் எண் எவ்வளவு சிவப்பு என்பதை எண் தானே உரைக்கமாட்டாது. ஒரு திரையில் அது செம்மாதுளை முத்தின் நிறமாகலாம். மற்றொன்றில் செங்கல்லின் நிறமாகலாம்.

இவ்விடர்ப்பாட்டை நீக்குவதற்கு எக்கருவியையும் சாராத பொதுமொழியொன்று வேண்டியதாயிற்று. இரைற்று, கில்டு என்னும் இருவர் 1920களின் பிற்பகுதியிற் செய்த நிறப்பொருத்தச் சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு, பன்னாட்டு ஒளியூட்டற் குழு 1931ஆம் ஆண்டில் சராசரி மனிதக் கண்ணின் துலக்கத்தை எண்களாக வரையறுத்தது. அதன்வழி எந்நிறத்தையும் மூன்றெண்களாற் குறித்தல் கூடும். 1976இல் அதே குழு, கண்ணுணரும் வேற்றுமைகளுக்கு ஓரளவு ஒத்த இடைவெளிகளையுடைய மற்றொரு முறையையும் வகுத்தது. 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை நிறுவி, ஒவ்வொரு கருவியின் இயல்பையும் அப்பொதுமொழியிற் பொறித்துவைக்கும் கோப்பு வடிவத்தை உருவாக்கின. அக்கோப்பே நிற விவரக் கோவை எனத்தகும். பத்துக் கருவிகள் ஒன்றோடொன்று நேரே உரையாடவேண்டின் தொண்ணூறு அகராதிகள் வேண்டும். யாவும் பொதுமொழியொன்றை அறியின் பத்தே போதும். இம்முறையின் சிக்கனம் இதனாற் பெறப்படும்.

கண்ணே சிறந்த கருவியாக இருக்க, வேறு மானி எதற்கு என்று வினவலாம். கண் நிறங்களை ஒப்பிடுவதில் வல்லது, அளப்பதில் வல்லதன்று. பாரிசு நகரின் கோபிலான் நெசவுச்சாலையிற் சாயப்பகுதித் தலைவராயிருந்த செவ்ரொயிலிடம், நீலம், ஊதா ஆகிய இழைகளிடையே வரும் கருமை வலுவற்றுத் தோன்றுகின்றதென முறையிடப்பட்டது. அவர் ஆராய்ந்தபோது சாயத்திற் குற்றமில்லை. அயல்நின்ற நிறங்களே கருமையின் தோற்றத்தை மாற்றின எனக் கண்டார். 1839இல் வெளிவந்த அவர்தம் நூல் இதனை விரிவாக விளக்குகின்றது. அன்றியும், மஞ்சள் விளக்கின்கீழ்ச் சிறிதுநேரம் இருந்த கண் அவ்வொளிக்கு இணங்கிக்கொண்டு வெண்டாளை வெண்மையென்றே கொள்ளும். இத்தகைய சான்றாளனை மட்டும் நம்பித் தீர்ப்பு வழங்குதல் முறையாகாது. ஆதலின் நிறமானி வேண்டப்படுகின்றது.

திரையைச் செவ்வை செய்யும் முறை முதலில் நோக்கற்பாலது. திரை ஏறக்குறைய அரைமணிநேரம் எரிந்து நிலைகொண்ட பின்னரே அளத்தல் வேண்டும். அறையில் நேர் வெயிலும் நிற விளக்கும் தவிர்க்கப்படல் வேண்டும். திரையின் பின்னணி நடுச்சாம்பல் நிறமாயிருத்தல் நன்று. வெண்மைப் புள்ளி 6500 கெல்வின், காமா 2.2, ஒளிர்வு சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கந்தெலா என்பன பொதுவாகக் கொள்ளப்படும் இலக்குகள். நிறமானியைத் திரைமேற் சார்த்தியவுடன் மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நிறக்கட்டங்களைக் காட்டும். மானி ஒவ்வொன்றையும் அளந்து, அனுப்பிய எண்ணுக்கும் தோன்றிய நிறத்துக்கும் உள்ள வேற்றுமையைக் குறிக்கும். ஈண்டு இரு செயல்கள் நிகழ்கின்றன. கருவியை வரையறுத்த நிலைக்குக் கொணர்தல் அளவுதிருத்தம்; அந்நிலையில் அஃது எவ்வாறு நடக்கின்றதென எழுதிவைத்தல் விவரக்கோவை ஆக்கல். முன்னையதின்றிப் பின்னையது நிலைக்காது.

இவற்றுள் ஒளிர்வே பெரிதும் புறக்கணிக்கப்படுவது. 500 லக்சு வெளிச்சத்தில் வைக்கப்பட்டு, படும் ஒளியில் 90 விழுக்காட்டை எத்திசையும் சமமாகச் சிதறும் வெண்டாளின் ஒளிர்வு ஏறக்குறைய 143 கந்தெலா ஆகும்; 200 லக்சு மட்டுமே உள்ள அறையில் அது 57 ஆகக் குறையும். அத்தகைய அறையில் 300 கந்தெலா ஒளிர்வில் எரியும் திரை தாளினும் ஐந்து மடங்கு ஒளியுடையது. அதனெதிரே அமர்ந்து படம் மிகப் பிரகாசமாயுள்ளதென எண்ணி அதனை இருளச் செய்பவன், இருண்ட அச்சையே பெறுவான். அச்சு இருண்டது என்னும் முறைப்பாட்டுள் பெரும்பகுதிக்கு இதுவே காரணமாகும்.

அச்சுப்பொறிக்கு இலக்கு வேறு. நூற்றுக்கணக்கான நிறக்கட்டங்கள் கொண்ட மாதிரித்தாள் ஒன்று, நிறத்திருத்தம் யாதுமின்றி அச்சிடப்படுகின்றது. மை நன்கு உலர்ந்து நிலைபெற்ற பின்னர், நிறமாலை ஒளிமானியால் ஒவ்வொரு கட்டமும் அளக்கப்பட்டு விவரக்கோவை ஆக்கப்படும். அக்கோவை அப்பொறிக்கு மட்டும் உரியதன்று. அந்த மை, அந்தத் தாள், அந்த அச்சமைப்பு ஆகியவற்றின் கூட்டுக்கே உரியது. பளபளப்புத் தாளுக்கு ஆக்கியதை மங்கல் தாளுக்குப் பயன்படுத்துதல், ஒருவனுக்கு அளந்து தைத்த சட்டையை மற்றொருவனுக்கு அணிவிப்பதை ஒக்கும். அச்சிடுங்கால் நிறத்தை மாற்றும் பொறுப்பு மென்பொருளுக்கோ பொறியின் இயக்கிக்கோ ஒன்றற்கே விடப்படல் வேண்டும். இரண்டும் திருத்தின், திருத்தியதே மீண்டும் திருத்தப்பட்டுப் படம் கெடும்.

இவ்வளவு செய்தும் சில நிறங்கள் தாளில் வாரா. திரையின் ஒளிரும் நீலமும் பச்சையும் மையின் எல்லைக்கு அப்பாற்பட்டன. அவற்றைக் கையாள்வதற்கு இரு வழிகள் சிறப்பாகப் பயன்படுகின்றன. எல்லா நிறங்களையும் அவற்றின் தொடர்பு கெடாது சிறிது சுருக்குதல் ஒன்று. எல்லைக்குட்பட்டவற்றை உள்ளவாறே விட்டு, மீறியவற்றை மட்டும் எல்லைக்கு இழுத்தல் மற்றொன்று. எது ஏற்றது என்பதை, அச்சின் தோற்றத்தை முன்கூட்டித் திரையிற் காட்டும் வசதியால் ஆராய்ந்து துணியலாம். அச்சினைப் பார்க்கும் ஒளியும் கருதப்படல் வேண்டும். ஓரொளியில் ஒன்றுபோலத் தோன்றும் இரு நிறங்கள் மற்றோரொளியில் வேறுபடுதல் உண்டு. அதுபற்றியே, அச்சினை ஒப்புநோக்கற்கு 5000 கெல்வின் அளவான பகலொளி நியமமாக வகுக்கப்பட்டுள்ளது.

இம்முயற்சி வெறும் அழகு நாட்டத்தால் எழுந்ததன்று. 1989இல் தொடங்கிய வசாரி என்னும் ஐரோப்பியத் திட்டத்தில் இலண்டன் தேசிய ஓவியக் காட்சிச்சாலையும் சேர்ந்து, ஓவியங்களின் நிறங்களை இலக்கப் படங்களாக அளந்து பதிந்தது. பல்லாண்டு கழித்து மீண்டும் அளந்து ஒப்பிடின், ஓவியம் மங்கியதா, எவ்விடத்து மங்கியது என்பதை அறியலாம் என்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. இல்லங்களிலும் இந்நிலையே. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுக்கப்பட்ட நிறப்படங்கள் பலவற்றின் சாயங்கள் சிதைந்து செம்மை படர்ந்துள்ளன. மூதாதையர் முகமும் மணவறைப் பட்டின் நிறமும் இனி இலக்கப் பிரதியில் மட்டுமே எஞ்சும். செவ்வை செய்யாத திரையில் அவற்றைப் புதுப்பிப்பவன், திரையின் பிழையையே அப்பிரதியில் நிலையாக எழுதிவிடுகின்றான். மூலப்படம் முற்றும் அழிந்தபின் அப்பிழையைத் திருத்தற்குச் சான்று யாதும் இராது.

துலாக்கோல் ஒருமுறை சரிபார்க்கப்பட்டமையால் என்றும் சரியாயிருத்தல் இல்லை. திரையின் விளக்கு நாளடைவில் மாறும், மை மாறும், தாளின் வகையும் மாறும். ஆதலால் திரையை மாதந்தோறும், அச்சின் விவரக்கோவையை மையோ தாளோ மாறுந்தோறும் மீள ஆராய்தல் நல்வழக்கமாம். நிறத்தின் உண்மை அளவையால் நிலைபெறும். அளவையின் உண்மையோ இடையறாத சரிபார்ப்பால் நிலைபெறும்.