ஹார்டு டிஸ்க்கை மாற்றினால் பாட்டு இனிக்குமா?

சோனி நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு மெமரி கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 64 ஜிபி, விலை சுமார் 18,500 யென். அதே கொள்ளளவுள்ள சாதாரண கார்டுகளைவிடப் பல மடங்கு விலை. பாட்டை எடுத்து ஒலிக்கும்போது இந்தக் கார்டில் மின் இரைச்சல் குறைவாக எழும், அதனால் ஒலித்தரம் கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அதன் பிறகு இந்தச் சந்தை இன்னும் விரிந்துவிட்டது. இசைக்கென்றே தனி எஸ்எஸ்டி, தனி யுஎஸ்பி கேபிள், தனி நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாம் விற்கின்றன. பேஸ் இறுகுகிறது, குரல் தெளிகிறது, மேடையே கண்முன் விரிகிறது என்று வாங்கியவர்களும் சொல்கிறார்கள்.

இதற்காகச் செலவழிப்பவர்கள் இசையை உயிராக நேசிப்பவர்கள். அவர்களுடைய பணம் நல்ல ஒலியாகத் திரும்பி வருகிறதா என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

கணினியில் இருப்பவை எண்கள்

1982இல் கடைகளுக்கு வந்த சிடியின் கணக்கு இன்றும் பெரும்பாலான இசைக் கோப்புகளுக்கு அடிப்படை. ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் -32,768 முதல் 32,767 வரையிலான ஒரு முழு எண்ணாகப் பதிவாகிறது. இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி எண்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு மொத்தம் 2 கோடியே 64 லட்சத்து 60 ஆயிரம் எண்கள்.

இப்போது பேஸ் கூட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களில் லட்சக்கணக்கானவை ஓர் ஒழுங்கோடு, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற வேண்டும். ஈக்வலைசர் செய்வது அதைத்தான். அதற்கென்றே எழுதப்பட்ட கணிதம் அதற்குள் இருக்கிறது. மட்டமான கேபிளுக்கோ பழுதான டிஸ்க்குக்கோ அந்தக் கணிதம் தெரியாது. அவற்றால் பிழை நேர்ந்தால், எங்கோ ஓர் எண்ணுக்குள் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டுபோகும். காதுக்கு அது ‘டிக்’கென்ற சத்தமாகக் கேட்கும், இல்லையேல் பாட்டு விட்டுவிட்டு வரும். குரல் மட்டும் மெல்ல மங்குவது, பேஸ் மட்டும் தளர்வது போன்ற நுட்பமான மாற்றங்கள் அந்த வழியில் வருவதற்கில்லை.

பிழைக்குக் காவல்

அந்த ஒரு பிட் புரள்வதும் அபூர்வம். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறைதான் சிடியைக் காப்பாற்றுகிறது. கீறலால் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும், அதை முழுமையாக மீட்டுவிடும். இன்றைய எஸ்எஸ்டிகளிலும் பிழைதிருத்தம் உள்ளேயே அமைந்திருக்கிறது. டிஸ்க் கேபிளிலும் நெட்வொர்க்கிலும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் சரிபார்ப்பு எண்ணோடுதான் பயணிக்கிறது. கோப்பு இறங்கும்போது ஏதாவது பொட்டலம் பிசகினால் அது மறுபடி அனுப்பப்படும். நம் வங்கிக் கணக்கின் இருப்பும் இதே வகை டிஸ்க்குகளில்தான் இருக்கிறது, இதே வகைக் கேபிள்களில்தான் போய் வருகிறது.

சந்தேகம் உள்ளவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஃபிளாக் வகைக் கோப்பின் தொடக்கத்தில், மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற 32 எழுத்துக் குறியீடு வழக்கமாகப் பதிந்திருக்கும். பாட்டின் இரண்டரைக் கோடி எண்களில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தக் குறியீடு அடியோடு வேறாகிவிடும். விலை மலிந்த பென் டிரைவிலிருந்து ஒரு முறை, விலை உயர்ந்த எஸ்எஸ்டியிலிருந்து ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், இரண்டிலும் இருப்பது ஒரே பாட்டு.

இன்னொன்றும் உண்டு. அந்த ஐந்து நிமிடப் பாட்டின் மொத்த அளவு 53 எம்பிதான். முழுப் பாட்டையும் ரேமில் ஏற்றிக்கொண்டு ஒலிக்கும் மென்பொருள்கள் உள்ளன. அப்படி ஏற்றிய பிறகு டிஸ்க்கைக் கழற்றிவிட்டாலும் பாட்டு ஓடும்.

கணினி ஒலியைக் கெடுக்கும் இடம்

இதனால் கணினிக்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண்களை மின்னலையாக மாற்றும் சில்லுக்கு டிஏசி என்று பெயர். அது வரைக்கும் எண்களின் ராஜ்யம்; அதற்குப் பிறகு அனலாக். அங்கே இரைச்சல் நுழைந்தால் அது ஒலியோடு கலந்துவிடும். சில மதர்போர்டுகளின் ஹெட்போன் துளையில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்று கேட்பது இதனால்தான். கணினியும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் ஸ்பீக்கரில் ஏறக்கூடும்.

கார்டிலும் கேபிளிலும் மின் இரைச்சல் குறைகிறது என்ற வாதம் இந்த உண்மையைத்தான் துணைக்கு அழைக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட இரைச்சல் இருந்தால், டிஏசியின் வெளியீட்டைக் கருவியில் அளக்கும்போது அது தெரிந்தாக வேண்டும். தெரிந்தால், கணினிக்கு வெளியே வைக்கும் நல்ல டிஏசி ஒன்று அதைத் தீர்க்கும். எண்கள் வந்து சேரும் நேரம் தடுமாறுகிறது என்பது இன்னொரு வாதம். இன்றைய யுஎஸ்பி டிஏசிகளில் பெரும்பாலானவை தம் சொந்தக் கடிகாரத்தின்படிதான் எண்களை எடுத்துக்கொள்கின்றன. டிஸ்க்கின் வேகம் அந்தக் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

கண்ணை மூடினால் என்ன ஆகிறது?

அப்படியானால் வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் அனுபவித்தது உண்மை. அதன் காரணம் கேபிளில் இல்லை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது ஒரு மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு மதிப்பெண். பெயர், உருவம், விலை ஆகியவை பயிற்சி பெற்ற காதுகளையும் சாய்த்துவிட்டன.

எண்கள் உண்மையாகவே மாறிய ஒரு சோதனையும் உண்டு. அமெரிக்காவின் மேயர், மோரன் என்ற இருவர், சிடியைவிட உயர்தரப் பதிவுகளைச் சிடி தரத்துக்கு இறக்கி, அசலோடு ஒப்பிடச் சொன்னார்கள். 2007இல் வெளியான முடிவு: 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னவை 276. நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். எண்கள் மாறியே இத்தனை சிரமம் என்றால், ஓர் எண்ணும் மாறாத இடத்தில் வித்தியாசத்தை எங்கே தேடுவது?

வாங்கும் முன் ஒரு சோதனை

புதுக் கேபிளோ எஸ்எஸ்டியோ வாங்கத் தோன்றினால், முதலில் நண்பரை உதவிக்கு அழையுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் அவர் மாற்றி மாற்றிப் போடட்டும். இரண்டின் ஒலியளவும் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல், சற்றே உரக்க ஒலிப்பதுதான் நல்லதென்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். 16 முறையில் குறைந்தது 12 முறை சரியாகச் சொன்னால் பொருட்படுத்தலாம். வெறும் ஊகத்தில் அந்த எண்ணிக்கை வர வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

பணம் போட வேண்டிய இடங்கள் வேறு: ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன், ஸ்பீக்கரை அறையில் வைக்கும் இடம், எதிரொலியை அடக்கும் திரைச்சீலையும் விரிப்பும், நல்ல பதிவுகள். இவற்றின் வித்தியாசம் கண்ணை மூடினாலும் கேட்கும். டிஸ்க்கையும் கேபிளையும் நம்பகத்துக்காகவும் கொள்ளளவுக்காகவும் வாங்குங்கள். ஒலிக்காக அவற்றுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.