முதுமைக்கொரு பாய்க்கலம்

நம் கல்லூரியிற் பயின்று, கடல் கடந்து சென்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழ்க்கரையிற் பல்லாண்டு உத்தியோகம் பார்த்துவரும் பழைய மாணவர் ஒருவர், தம் ஆசிரியர்க்கு எழுதிய கடிதமொன்றில், இன்னும் ஈராண்டில் ஓய்வு பெறப்போவதாகவும், அதன்பின் பழைய பாய்க்கலம் ஒன்று வாங்கி மனைவியாருடன் அதிலேயே உறைந்து கரையோரமாகப் பிரயாணஞ் செய்ய எண்ணுவதாகவும், ஆனாற் கையிருப்புச் சிறிதேயென்றும் குறித்திருந்தார். அதனைப் படித்தவருட் சிலர் நகைத்தனர், சிலர் வியந்தனர். நாம் இதனை ஆராயப் புகுந்தபோது, அந்நாட்டில் ஓய்வுபெற்றோர் பலர் இவ்வாறு வாழ்கின்றனரென்பதும், அவர்தம் இன்பமும் துன்பமும் பெரும்பாலும் கலத்தைத் தெரிந்தெடுக்கும் அந்தச் சில நாட்களிலேயே உறுதியாகிவிடுகின்றன என்பதும் புலனாயின. கற்றறிந்தவற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இஃது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. இளைஞன் பொருளை இழப்பின் மீண்டும் ஈட்டுவான். உத்தியோகத்தினின்று நீங்கினார்க்கோ இழந்த பொருளும் மீளாது, காலமும் மீளாது. தகுதியற்ற கலத்தை வாங்கியவர், கடலைக் காணாமலே, பழுது பார்க்குந் துறையிற் கையிருப்பையும் உடல்நலமுள்ள சில ஆண்டுகளையும் தொலைத்துவிடுதல் உண்டு. ஆதலின், முதலில் மனத்திற் பதிக்கவேண்டிய உண்மை ஒன்று: கலத்தின் விலை வேறு, கலத்திற்காகுஞ் செலவு வேறு.

இதனை விளக்க ஜோஷுவா ஸ்லோகம் என்னுங் கப்பற்றலைவரின் வரலாறு ஒன்றே போதும். 1892-ஆம் ஆண்டில் அவர்க்கு 'ஸ்பிரே' என்னும் பழங்கலம் இனாமாகக் கிடைத்தது. அது மாஸசூஸெட்ஸ் நாட்டில் ஒரு வயற்புறத்திற் கிடந்து உளுத்துப்போனது. நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு. அதனைப் புதுப்பிக்க அவர் செலவிட்ட பொருள் 553 டாலர் 62 சென்ட். செலவிட்ட காலம் 13 மாதம். பின்னர், 51-ஆம் வயதில், 1895-இல் பாஸ்டன் துறையினின்று தனியே புறப்பட்டு, 46,000 மைலுக்குமேற் கடந்து, உலகைச் சுற்றி 1898-இல் மீண்டார். தனியொருவராய் உலகைக் கலத்திற் சுற்றி வந்தோருள் அவரே முதல்வர். விலையின்றிக் கிடைத்த கலமும் செலவின்றிக் கடலிறங்கவில்லை என்பதை நேயர்கள் குறித்துக்கொள்க. மேலும், அவர் கப்பற்றொழிலில் முதிர்ந்தவர்; அப்பதின்மூன்று மாத உழைப்பு அவருடைய கைகளே செய்தது. அத்தகைய கைகள் இல்லாதார் அதற்கீடாகப் பொருள் தரவேண்டும்.

மரக்கலம் உளுக்கும், இரும்புக்கலம் துருவேறும். கண்ணாடி நாரைப் பிசினிற் றோய்த்து அச்சில் அமைக்கும் பைபர்கிளாஸ் கலத்திற்கோ இவ்விரு குறையும் இல்லை. 1959-இல் கார்ல் ஆல்பர்க் என்பார் வகுத்த 'டிரைடன்' என்னும் 28 அடிக் கலம் வெளிவந்து பெருந்தொகையாக விற்பனையாயிற்று. அதனைப் பின்பற்றி 1960 முதல் 1990 வரை இவ்வகைக் கலங்கள் ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்டன. அவற்றின் உடல் எளிதில் அழியாமையின், இன்றும் பல விற்பனைக்கு வருகின்றன. சிறுபொருள் உடையார் கடலில் வாழ இயல்வது இதனாலேயே. எனினும், உடல் அழியாதிருப்பினும் அதனைச் சார்ந்த உறுப்புக்கள் அழிவனவே. பழங்கலம் வாங்குவோர் ஆராயவேண்டியவை அவ்வுறுப்புக்களே.

கலத்தைப் பார்க்குமுன் நீரைப் பார்த்தல் வேண்டும். நம் பழைய மாணவர் செல்லக் கருதும் வழி, வர்ஜீனியாவிலுள்ள நார்போக் துறைமுகந் தொடங்கி மயாமி வரை, ஏறக்குறைய 1,090 மைல் கரையினுட் செல்லும் நீர்வழி. அதன்மேல் நிலைத்த பாலங்கள் பல. அவற்றின் உயரம் பொதுவாக 65 அடி. மயாமியிலுள்ள ஒன்று 56 அடியே. ஆகவே, நீர்மட்டத்தினின்று அளக்கும்போது பாய்மரம் அவ்வெல்லைக்கு உட்படுதல் வேண்டும். அப்பால் உள்ள பஹாமாத் தீவுகளைச் சூழ்ந்த கடல் மிக ஆழங்குறைந்தது; கலம் ஐந்தடிக்குமேல் நீரில் அமிழ்வதாயின் பல துறைகள் அதற்கு மூடிய கதவுகளே. அன்றியும், ஜூன் முதல் நவம்பர் முடிய அங்குப் புயற்காலமாதலின், அக்காலத்தில் வடக்கே ஒதுங்கியிருக்க வேண்டுமென இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல நிபந்தனை விதிக்கும். உலகைச் சுற்றப் போவதாகக் கனவு கண்டு, அதற்குரிய கனத்த கலத்தை வாங்கி, பின் கழிமுகத்தைத் தாண்டாதார் பலர். செல்லும் நீருக்கேற்ற கலமே நற்கலம்.

அடுத்தது அளவு. முப்பதடிக் கலத்திற்கும் நாற்பதடிக் கலத்திற்கும் வேற்றுமை பத்தடிதானே எனத் தோன்றும். ஆனால் ஒரே வடிவுள்ள இருகலங்களில் நீளம் மூன்றிலொரு பங்கு மிகுமாயின், அகலமும் ஆழமும் அவ்வாறே மிகுதலின், எடை இருமடங்குக்கும் மேலாகும். அவ்வெடையை இழுக்கப் பெரிய பாய் வேண்டும். பெரிய பாயைத் தாங்கத் தடித்த கயிறும், நிறுத்தப் பெரிய நங்கூரமும் வேண்டும். துறைக்கூலி, வர்ணம், இயந்திரம் யாவும் உடன் வளரும். இருவர் வாழ 30 முதல் 35 அடி வரை போதும். இங்கே இன்னொரு சோதனையும் உண்டு: இருவருள் வலிமை குறைந்தவர், மற்றவர் நோயுற்றுக் கிடக்கும்போது, தனித்தே பாயைச் சுருக்கி, நங்கூரம் பாய்ச்சிக் கரை சேர்க்க இயலுமா? இயலாதெனின் அக்கலம் அவர்க்குரியதன்று.

சிறுகலம் கடலைத் தாங்குமோ என்னும் ஐயம் எழலாம். ப்ளாரிடாவினின்று பஹாமாவுக்குக் குறுக்கே ஓடும் வளைகுடா நீரோட்டத்தின்மீது வடகாற்று எதிர்த்து வீசும்போது அலைகள் செங்குத்தாய் எழும். ஆதலின் அவ்வையம் நியாயமானதே. 1979 ஆகஸ்ட் மாதத்தில், பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 கலங்கள் புறப்பட்டன. பெரும்புயல் எழுந்து கலஞ்செலுத்தினோர் 15 பேரை மாய்த்தது. மிகச்சிறிய வகுப்பைச் சேர்ந்த 58 கலங்களுள் ஒன்றே பந்தயத்தை முடித்தது. அது 32 அடியுள்ள 'கான்டெஸா' வகைக் கலமாகும். அதன்பின் நடந்த ஆராய்ச்சிகளிலிருந்து ஓர் எளிய கணக்குப் பிறந்தது. கலத்தின் எடையை இராத்தலிற் கொண்டு 64-ஆல் வகுத்து, கனமூலங் கண்டு, அடியளவிலுள்ள அகலத்தை அதனால் வகுக்க. விடை 2-க்குக் குறைந்தால், கவிழ்ந்தாலும் மீண்டு நிமிருந் தன்மை எதிர்பார்க்கலாம். அக்கலத்தின் அகலம் 9½ அடி, எடை 9,500 இராத்தல். விடை ஏறக்குறைய 1.8. இக்கணக்கு முற்றும் முடிவானதன்று; ஆயினும், உள்ளறை விசாலமாயிருக்கிறதென்று மிக அகன்ற இலேசான கலத்திற்கு மயங்குவோரைச் சற்றே நிறுத்தி எண்ணச் செய்யும்.

இனி, உறுப்புக்களை ஆராயும் முறை. மட்குடம் வாங்குவோர் விரலாற் றட்டி ஒலி கேட்டல் நம் சந்தையில் வழக்கமன்றோ? கலத்தின் மேற்றளத்தையும் அவ்வாறே சிறு சுத்தியலாற் றட்டவேண்டும். அத்தளம் பெரும்பாலும் இரண்டு பைபர்கிளாஸ் தகடுகளுக்கிடையே பால்ஸா என்னும் மென்மரம் வைத்து அமைக்கப்பட்டது. ஆணித்துளை வழியே நீரிறங்கின் அம்மரம் உள்ளேயே அழுகும். கணீரென ஒலிப்பின் நலம். மந்தமாக ஒலிப்பின் அழுகலெனச் சந்தேகிக்க.

பாய்மரத்தைப் பிணிக்கும் கம்பிக் கயிறுகளும், அவற்றைக் கலத்தோடு பூட்டும் எஃகுப் பட்டைகளும் இன்னும் முக்கியமானவை. துருவேறா எஃகு தன்மேற் படியும் மெல்லிய படலத்தாலேயே துருவைத் தடுக்கிறது. அப்படலம் நிலைக்கக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். தளத்தினுட் புதைந்து, ஈரத்திற் காற்றின்றிக் கிடக்கும் பட்டையோ, வெளியே பளபளத்து உள்ளே வெடித்திருத்தல் கூடும். ஒரு பட்டை அறுமாயின் பாய்மரம் சாயும். கயிறுகள் மாற்றப்பட்ட ஆண்டு யாதெனக் கேட்க. பதினைந்து ஆண்டு கடந்திருப்பின், மாற்றுஞ் செலவை விலையிற் கழிக்க.

கலத்தின் அடியில் நிற்கும் ஏரா, தாழ்ப்பாளாணிகளாற் பூட்டப்பட்டதாயின், இணைப்பில் விரிசல் உண்டோ எனவும், கலம் எப்போதேனும் தரைதட்டியதோ எனவும் வினவ. 2014 மே மாதத்தில் 'சீக்கி ராபிகி' என்னும் நாற்பதடிக் கலம் நடு அத்லாந்திக்கில் ஏரா கழன்று கவிழ, நால்வரும் மாண்டனர். இவற்றோடு ஒப்பிடின், வாங்குவோர் பெரிதும் அஞ்சும் அடிப்புறக் கொப்புளங்கள் சிறு குறையே. அவற்றால் மூழ்கிய கலம் அரிது. கண்ணுக்குத் தோன்றுங் குறையை அஞ்சி, தோன்றாக் குறையை மறத்தல் மாந்தர் இயல்பு.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லவேண்டும். முன்னரே சூடேற்றி வைத்திருப்பின் ஐயுறுக. நீலப்புகை எண்ணெய் எரிதலையும், நீங்காக் கரும்புகை எரிபொருள் முற்ற எரியாமையையும், நீங்கா வெண்புகை நீர் புகுந்திருக்கலாமென்பதையும் அறிவிக்கும். புதிய டீசல் இயந்திரம் பொருத்துஞ் செலவு, பழங்கலத்தின் விலையிற் பாதியையும் விழுங்கவல்லது.

விலை பேசும் முறையிலும் கவனம் வேண்டும். தரகர்க்குக் கூலி விற்பவரது விலையினின்றே கிடைப்பதாகலின், அவர் எத்துணை நல்லவராயினும் வாங்குவோர் பக்கத்தவரல்லர். ஆதலின், சர்வேயர் எனப்படும் பரிசோதகரை வாங்குவோரே தேடி அமர்த்துக. பரிசோதனையும் கடலோட்டமும் திருப்தியாயின் மட்டுமே கொள்வேன் என்னும் நிபந்தனையுடன், வழக்கமாக விலையிற் பத்திலொரு பங்கு முன்பணம் வைப்பர். கலத்தைக் கரையேற்றி அடிப்புறங் காணாமற் பரிசோதனை முடிந்ததாகக் கொள்ளற்க. கலத்தின்மேற் கடன் உண்டோ எனப் பத்திரங்களையும் பார்க்க. யாவற்றினும் மேலாக, கையிருப்பு முழுவதையும் விலையாக்கற்க. 60,000 டாலர் உடையார் 40,000 டாலருக்கு மேற்பட்ட கலத்தைப் பார்க்கவும் செல்லலாகாது. எஞ்சியது முதலாண்டின் பழுதுக்கே உரியது. வாங்குமுன் பிறர் கலத்தில் இரண்டு வாரமேனும் கணவனும் மனைவியும் உறைந்து பார்த்தல் சாலச் சிறந்தது. அவ்விரண்டு வாரக் கூலி, அறியாது செய்த பிழையின் விலையினும் மிகச் சிறிது.

பிறர் ஆண்ட கலமென்று இகழவும் வேண்டா. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, நம்மவர் வாணிகத்திற்கு ஓட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, ஆல்பர்ட் ராபின்ஸன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அஃது வல்வெட்டித்துறை மாலுமிகளின் கைவன்மையால் சமுத்திரங்களைக் கடந்து 1938-இல் மாஸசூஸெட்ஸிலுள்ள கிளாஸ்டர் துறையை அடைந்தது. நன்கு கட்டிய கலம், நன்கு ஆராய்ந்து கொண்டவனைக் கைவிடாது.

ஆசை கலத்தைக் காட்டும். அறிவு அதன் ஆணியைக் காட்டும். ஆசையின் கண்ணால் ஒருமுறையும் ஆணியின்மேற் கண்வைத்து இருமுறையும் பார்த்து, சிறிய, திண்ணிய, செல்லும் நீருக்கேற்ற கலமொன்றைக் கொண்டு, கையிற் பொருளும் நாளும் மிச்சமிருக்கக் கடலிறங்குவாராயின், நம் பழைய மாணவரின் எண்ணம் நகைப்பிற்குரியதன்று. அவர் நங்கூரமிடுந் துறைதொறும் நம் கல்லூரியை நினைத்துக் கடிதம் விடுப்பாராக!