மத்தியானம் ஒன்று முதல் ஐந்து வரை

மருந்து கம்பெனிக்காரர்களின் பூகோளத்தில் ஊர்கள் மூன்றே வகை. ரெப் (மருந்துப் பிரதிநிதி) குடியிருக்கும் ஊர் ஹெட்குவார்ட்டர்ஸ். காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடக்கூடியது எக்ஸ் ஸ்டேஷன். ராத்தங்க வேண்டியது அவுட் ஸ்டேஷன். எதற்கு எவ்வளவு டி.ஏ. (தினப்படி) என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவுட் ஸ்டேஷனுக்குத்தான் அதிகம் என்பது எங்கும் மாறாது. 1980-களின் கடைசியில் மதுரையில் நான் பை தூக்க ஆரம்பித்தபோது விருதுநகர் எக்ஸ் ஸ்டேஷன்; கோவில்பட்டி, ராஜபாளையம், தென்காசி மூன்றும் அவுட் ஸ்டேஷன். இன்று அதே மதுரையில் அதே வேலை பார்க்கும் பையன்களுக்குக் கோவில்பட்டி எக்ஸ் ஸ்டேஷன். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம் அன்றைக்கும் அதேதான், இன்றைக்கும் அதேதான். அன்று பேருந்தில் இரண்டரை, மூன்று மணி நேரம். இன்று காரில் ஒன்றரை மணி நேரம்.

இந்த வேலையில் ஊர் சுற்றலாம், நல்லது பொல்லது சாப்பிடலாம் என்று எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. பொறாமையில் நியாயம் இருந்தது, காரணம்தான் அவர்களுக்குத் தெரியாது. சின்ன ஊர் டாக்டர்கள் காலையில் உட்கார்ந்தால் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு எழுந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, ஐந்து மணிக்கு மேல்தான் மறுபடி ஓ.பி. நடுவில் ரெப்புக்கு வேலை கிடையாது. மேனேஜர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார். அவரோடு பேச வேண்டுமென்றால் நாமாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசினால்தான் உண்டு. அன்றாட ரிப்போர்ட்டை ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து கார்பன் வைத்து எழுதித் தபாலில் போடுவோம்; அது அவர் கைக்குப் போக இரண்டு மூன்று நாள். காலையில் பார்த்த டாக்டர் யார், சாயங்காலம் பார்த்த டாக்டர் யார் என்பது அதில் இருக்கும். மத்தியானத்துக்கு அதில் கட்டமே கிடையாது. நான் பார்த்த மலை, சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் அந்தக் கட்டமில்லாத நேரத்தில் கிடைத்தவை.

முதலில் மலை. திருமங்கலத்தில் பிரிந்து கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கொல்லம் சாலையில் போகும் பேருந்தில் வலப்பக்க ஜன்னலைப் பிடிக்க வேண்டும். இது எழுதப்படாத சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை கிட்டே வந்து, ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசி வரை கூடவே வரும். கீழே வயல், தென்னை, புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மலையுச்சி தெரியாது, மேகம்தான் தெரியும். கடையநல்லூர் நெருங்கும்போது செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலில் அடிக்கும். வெயில் இருக்கும்போதே சாரல் விழும். மதுரையில் ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்; தென்காசியில் இறங்கும்போது குளிரும். கம்பெனி இதற்கு டிக்கெட் காசும் கொடுத்து டி.ஏ.வும் கொடுத்தது என்பதை இன்று நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவைப் பற்றி இன்று பேசாத வாய் இல்லை. ஆனால் அது செய்வதை நின்று பார்க்க நேரம் வேண்டும், அது எங்களிடம் இருந்தது. பிசைந்து ஊறிய மைதா உருண்டையை எண்ணெய்ப் பலகையில் வீசி, கண்ணாடி போல மெலிந்ததும் சுருட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுவார் மாஸ்டர். கல்லின் நடுவில் பள்ளம் இருக்கும், பள்ளத்தில் எண்ணெய் நிற்கும். முதலில் ஓரத்தில் போட்டு இரு பக்கமும் ஈரம் வற்றவிட்டு, பிறகு உள்ளே தள்ளுவார். சுற்றிலும் நுரைத்துக்கொண்டு அது சிவக்கும். எடுத்து எண்ணெய் வடியவிட்டு இலையில் போட்டால் தட்டும்போது சத்தம் கேட்க வேண்டும். அதைப் பிய்த்து சால்னா ஊற்றினால், அடிப் பக்கம் ஊறியும் மேல் பக்கம் மொறுமொறுப்பாகவும் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் சாப்பிட வேண்டும். பார்சல் வாங்கிப் போய்ச் சாப்பிட்டவர்களுக்கு விருதுநகர் புரோட்டா தெரியாது என்றே சொல்வேன்.

தென்காசிக்குப் போனால் ராத்திரிச் சாப்பாடு பிரானூர் பார்டரில். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, பிரானூரில்தான் எல்லை. எல்லை போய்விட்டது, பார்டர் என்ற பெயர் நின்றுவிட்டது. மிளகு தூக்கலான நாட்டுக்கோழி, சின்னப் புரோட்டா, வாழையிலை. எக்ஸ் ஸ்டேஷன் ஆசாமிக்கு அது கிடைக்காது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவன் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவான்?

இதோடு சாத்தூரில் பேருந்து நின்றதும் ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டப்படும் வெள்ளரிப்பிஞ்சும் காராச்சேவும், கோவில்பட்டியில் கடலைமிட்டாய். ஊருக்குள் நுழைந்து, பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்று, மறுபடி ஊரைக் கடந்துதான் அன்று எந்த வண்டியும் போயாக வேண்டும். வேண்டுமோ வேண்டாமோ, ஊர் நம் மூக்குக்கு நேராக வந்துவிடும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. லாட்ஜ் அறைகளில் மூட்டைப்பூச்சி வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. வேளாவேளைக்குச் சாப்பிட முடியாமல் ரெப்களுக்கு வயிற்றெரிச்சல் தொழில் நோயாகவே இருந்தது. பையில் இருந்த ஆன்டாசிட் சாம்பிளில் பாதி டாக்டருக்கு, பாதி எனக்கு. டி.ஏ.வை மிச்சம் பிடித்துத்தான் பலர் வீட்டு வாடகை கொடுத்தார்கள். நல்ல கடை எதுவென்று தெரிந்தும் பன்னும் டீயுமாக நாளை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய்ப் பிரானூர் கோழியைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது அதே சாலைகள். தேசிய நெடுஞ்சாலை 7 என்ற பழைய எண் 44 ஆகிப் பல வருடம் ஆகிறது. மதுரையிலிருந்து தெற்கே நான்குவழி. புளியமரங்கள் போயின, நடுவில் அரளிச் செடி வந்தது. நிழல் போனது நஷ்டம்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கரிசல் காட்டை இப்போதுதான் முழுசாகப் பார்க்க முடிகிறது. அன்று இரண்டு பக்கமும் மரம் அடைத்துக்கொண்டிருந்ததால் நிலம் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. இன்று உயர்ந்த சாலையில் போகும்போது சாத்தூருக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்பு மண், மழை பெய்த மறுவாரம் அதன்மேல் பச்சை. காட்சி என்று கேட்டால் அன்றைவிட இன்று மேல்.

ஊர்தான் காணாமல் போய்விட்டது. சாத்தூரும் கோவில்பட்டியும் பைபாஸின் ஓரத்தில் பெயர்ப்பலகையாக வந்து போகின்றன. கப்பலூர், எட்டூர்வட்டம் டோல்கேட்டுகளின் பெயர் தெரிந்த அளவுக்கு இன்றைய பையன்களுக்கு அந்த ஊர்க் கடைத்தெருக்கள் தெரியாது. சாலையோரம் கார் நிறுத்த வசதியோடு பெரிய பெரிய ஓட்டல்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கரிசல் காட்டின் நடுவில் கும்பகோணம் டிகிரி காபி, பித்தளை டபராவோடு. பக்கத்தில் திண்டுக்கல் பிரியாணி. சாத்தூர்ச் சேவைச் சாத்தூர் எல்லையில் தேட வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் சென்னையில் எந்தத் தெருவிலும் கிடைக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குள் போய்தான் வாங்க வேண்டும் என்றிருந்த காலத்தில் அந்த முத்திரைக்கு என்ன தேவை? எல்லா ஊரிலும் அந்தப் பெயர் விற்பனையாக ஆரம்பித்த பிறகுதான், எது அசல் என்று சொல்ல ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் சாலையில் நடக்கவில்லை, அந்த மத்தியானத்தில் நடந்தது. டாக்டர்கள் இன்றும் ஒன்றரைக்கு எழுந்து ஐந்துக்கு மேல்தான் உட்காருகிறார்கள். ஆனால் மூன்று மணிக்கு ரெப்புக்கு ஆன்லைன் மீட்டிங். ஒவ்வொரு டாக்டரைப் பார்த்ததையும் போனில் உள்ள ஆப்பில் அங்கேயே ஏற்ற வேண்டும். எந்த இடத்தில் நின்று ஏற்றினான் என்பது கூடவே பதிவாகும். பல கம்பெனிகளில் இதுதான் நடைமுறை. சங்கங்கள் எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கின்றன. 2021 பிப்ரவரியில் எல்லா டோல்கேட்டிலும் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு இன்னொரு சாட்சியும் சேர்ந்துவிட்டது: வண்டி எத்தனை மணிக்கு எந்த கேட்டைத் தாண்டியது என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. ராத்தங்கினேன் என்று பில் போட்டுவிட்டு வீட்டில் தூங்கும் கலை அத்தோடு அழிந்தது. (அந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் எங்கள் தலைமுறையில் உண்டு, பெயர் சொல்லப் போவதில்லை.)

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் விருதுநகரில் எண்ணெய் புரோட்டாவைப் பார்சல் கட்டிக் காரில் வைத்து, மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடுகிறான். “நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஏன் இப்படி அலுத்துக்கிறீங்க?” என்கிறான். எந்தக் கடை மாஸ்டர் மாறிவிட்டார், எந்த ஊரில் புதுக்கடை வந்திருக்கிறது என்பதெல்லாம் ரீல்ஸ் பார்த்து அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் கடையைக் கண்டுபிடித்தது ஸ்டாக்கிஸ்ட் கடைப் பையனிடமும் கண்டக்டரிடமும் கேட்டு. அவன் போவதற்கு முன்பே என்ன சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுகிறான். அதனால் அவன் ஏமாறுவது குறைவு. தெரியாத கடையில் நுழைந்து நல்ல சாப்பாடு கிடைத்துவிட்ட சந்தோஷமும் அவனுக்குக் குறைவு.

அதே ஏரியாவில் ஒரு பெண்ணும் வேலை பார்க்கிறார். சொந்த வண்டியில் காலையில் கோவில்பட்டி போய், இரண்டு ஓ.பி.யும் முடித்து ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறார். நாங்கள் திரிந்த காலத்தில் எங்கள் லைனில் ஒரு பெண் ரெப்பை நான் பார்த்ததில்லை. தனியாக வரும் பெண்ணுக்கு அன்றைய லாட்ஜ்காரர்கள் அறையே கொடுத்திருக்க மாட்டார்கள். கோவில்பட்டி எக்ஸ் ஸ்டேஷன் ஆனதில் எனக்கு வருத்தம். அவருக்கு வேலையே அதனால்தான். “மத்தியானம் எங்கே சாப்பிடுவீங்க?” என்று கேட்டேன். வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுபோய், பைபாஸ் ஓரம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போட்டுச் சாப்பிடுவாராம். அங்கிருந்து பார்த்தால் மயில் வருமாம். கரிசலில் மயில் கூட்டத்தை நான் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்ததே இல்லை.

தென்காசி மட்டும் மதுரைக்காரர்களுக்கு இன்னும் அவுட் ஸ்டேஷன்தான். சாரல் மாதங்களில் அங்கே டூர் புரோகிராம் போட இன்றும் அடிதடி, அந்த விஷயத்தில் தலைமுறை வித்தியாசம் கிடையாது. பார்டரில் வெளிமாநில வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து செங்கோட்டை வரை என்கிறார்கள். அது முடிந்த மறுமாதமே ஏதாவதொரு ஹெட் ஆபீஸில் யாராவது கிலோமீட்டரையும் நேரத்தையும் வகுத்துப் பார்த்துத் தென்காசியை எக்ஸ் ஸ்டேஷன் ஆக்கிவிடுவார்கள். இந்த லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள், வருகிற ஜூலைக்கே அங்கே இரண்டு ராத்திரி போட்டுக்கொள்வது நல்லது.