தொட்டாரா, தொடவில்லையா?

தமிழ்நாட்டின் மாநில விளையாட்டாகிய கபடி, தொடுகையை அடிப்படையாகக் கொண்டது. நெய்வேலி நகரியத்தின் திடலாயினும், சூழ்ந்துள்ள சிற்றூர்களின் களமாயினும், ஆட்டத்தில் எழும் பூசல்களில் பல 'தொட்டான்', 'தொடவில்லை' என்னும் இரு சொற்களில் அடங்கிவிடும். அப்பூசலைத் தீர்க்கும் நடுவர் எதனைக் காணவேண்டும்?

பார்ப்போர் கண்கள் பாடிச் செல்பவரின் கையையே பின்தொடரும். நடுவருக்கு அது போதாது. கைவீச்சை எல்லாரும் நோக்கியிருக்கும்போது, கால்விரல் எதிராளியின் முழங்காலை உரசிச் சென்றுவிடும். ஆதலின் இருவர் உடல்களுக்கு இடைப்பட்ட வெளியையே அவர் உற்றுநோக்க வேண்டும். ஒரு புறத்திலிருந்து மறைவது மறுபுறத்தில் நிற்பவருக்குப் புலப்படும் என்பதால்தான் களத்தின் இருபுறமும் நடுவர்கள் நிற்கின்றனர்.

பிடிபட்டவர் நடுக்கோட்டை நோக்கித் தாவும்போது பார்வை இடம்பெயர வேண்டும். மேலே பலர் குவிந்து கிடப்பர். தீர்ப்போ தரையில் இருக்கிறது. பாட்டு அறுபடாமல் ஒரு விரல்நுனி தம் பக்கத் தரையைத் தொட்டாலும் அவர் தப்பினார். கண் கோட்டிலும் செவி பாட்டிலும் இருத்தல் எளிதன்று!

தொடுகை, களத்தின் எல்லையையே மாற்றவல்லது. இருபுறமும் உள்ள 'லாபி' என்னும் ஒரு மீட்டர் அகலப் பட்டை, தொடுகை நிகழும்வரை ஆடுகளத்திற்குப் புறம்பானது. நிகழ்ந்தபின் களத்தின் பகுதி. 2023 அக்டோபர் 7 அன்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் இறுதியாட்டத்தில் இதுவே பெரும் சிக்கலாயிற்று. இந்தியாவும் ஈரானும் 28–28 எனச் சமநிலையில் இருந்தபோது, பவன் செராவத் எவரையும் தொடாமல் லாபிக்குள் சென்றார். ஈரானியர் அவரைப் பின்தொடர்ந்து நுழைந்தனர். எவரெவர் ஆட்டமிழந்தனர் என்பதில் பழைய விதியும் புதிய விதியும் மோதின. தீர்ப்பு மாறிமாறி வர, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் தடைப்பட்டது. இறுதியில் இந்தியா 33–29 என வென்றது. நிகழ்ந்ததைப் படக்கருவி காட்டியது. எந்த விதி பொருந்தும் என்பதை அது காட்டவில்லை.

சிற்றூர்க் களத்தில் படக்கருவியும் இல்லை. அங்கே நடுவர் ஊதலை ஒரு கணம் தாழ்த்தி, எதிர்ப்புறத்து நடுவரின் முகத்தை நோக்குதல் நன்று. இருவரும் வேறுபட்டால் தலைமை நடுவரே முடிவு செய்வார். கூட்டத்தின் கூச்சல் சான்றாகாது. காணாத தொடுகைக்குப் புள்ளி வழங்குதலும் ஆகாது.